கடலோரச் சிறுதொழிலுக்கு மின்னஞ்சல்: புதிதாகத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

இராமநாதபுரம் மாவட்டக் கடலோரத்தில் கடையோ விடுதியோ நடத்துவோரின் வாடிக்கையாளர்களில் கணிசமானோர் உள்ளூர்க்காரர்கள் அல்லர். தை அமாவாசைக்கு இராமேஸ்வரம் வந்து தீர்த்தமாடிவிட்டுத் திரும்பும் வழியில் இரண்டு கிலோ கருப்பட்டி வாங்கிப் போனவர், ஏர்வாடி தர்காவுக்கு வந்த இடத்தில் கருவாடு கட்டச் சொன்னவர், கீழக்கரையிலிருந்தோ தொண்டியிலிருந்தோ புறப்பட்டுப் போய் வளைகுடா நாடுகளிலும் மலேசியாவிலும் பிழைப்பவர், சென்னையில் வேலை பார்த்துக்கொண்டே ஊர் முண்டு மிளகாயைத் தேடுபவர் என்று அவர்கள் பல ஊர்களில் சிதறியிருக்கிறார்கள். ஒருமுறை வாங்கியவர் மறுமுறை வாங்காமல் போவதற்குப் பொருள் பிடிக்காததுதான் காரணம் என்று எண்ணிவிட வேண்டாம். நம் கடையின் பெயர் அவருக்கு மறந்து போயிருக்கும். புதுச் சரக்கு வந்திருப்பதை அவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். இந்தக் குறையைக் குறைந்த செலவில் தீர்த்துக்கொள்ள மின்னஞ்சல் உதவும். அதை முறையாகச் செய்வது எப்படி என்பதைத் தொடக்கத்திலிருந்தே இக்கட்டுரை படிப்படியாகச் சொல்கிறது.

எல்லாரும் வாட்ஸ்அப்பில் இருக்கும்போது மின்னஞ்சல் எதற்கு என்ற கேள்வி நியாயமானதே. உங்கள் வாடிக்கையாளர்கள் எல்லாரும் இராமநாதபுரம், மண்டபம், உச்சிப்புளி வட்டாரத்துக்குள்ளேயே இருந்தால் தொலைபேசியும் வாட்ஸ்அப்பும் போதும். இந்த வேலையில் இறங்க வேண்டியதில்லை. தொலைவில் இருப்பவர்களுக்கு விற்பவராக நீங்கள் இருந்தால் நிலைமை வேறு. வாட்ஸ்அப்பில் ஒரே செய்தியைப் பலருக்கும் அனுப்பிக்கொண்டிருந்தால் கணக்கு முடக்கப்படும் ஆபத்து உண்டு. முடங்கினால் வாடிக்கையாளர் தொடர்பும் அதோடு போய்விடும். மின்னஞ்சல் முகவரிப் பட்டியலோ உங்கள் கணினியில் ஒரு கோப்பாக இருக்கும். எந்த நிறுவனத்தின் சேவையைப் பயன்படுத்தினாலும், அதை விட்டு வேறொன்றுக்கு மாறினாலும், பட்டியல் உங்களுடனேயே வரும். விலைப்பட்டியல், ரசீது, முன்பதிவு விவரம் ஆகியவற்றை ஆறு மாதம் கழித்தும் வாடிக்கையாளர் தேடி எடுக்க முடிவதும் இதில் உள்ள வசதி.

முதற்படி: கடையின் பெயரில் ஒரு முகவரி

கடையின் பெயரில் ஒரு டொமைன் (இணையத்தில் உங்களுக்கே உரிய பெயர்) வாங்கி, அதில் ஒரு மின்னஞ்சல் முகவரி ஏற்படுத்திக்கொள்ளுங்கள். டாட் இன் என்று முடியும் டொமைனுக்கு ஆண்டுக்குச் சில நூறு ரூபாய்தான் ஆகும். இலவச ஜிமெயில் முகவரியே போதாதா என்று பலர் கேட்பதுண்டு. தனித்தனிக் கடிதத்துக்கு அது போதும்; பட்டியலுக்கு மொத்தமாக அனுப்பப் போதாது. இலவச ஜிமெயில் கணக்கிலிருந்து ஒரு நாளில் 500 பேருக்கு மேல் அனுப்ப இயலாது. அதைவிட முக்கியமானது, ஜிமெயில் முகவரியை அனுப்புநராகக் காட்டி வேறொரு சேவையின் வழியாக அனுப்பினால், அது போலிக் கடிதமோ என்ற ஐயத்தில் ஸ்பேம் பெட்டிக்கு, அதாவது வேண்டாத கடிதங்களை ஒதுக்கும் பெட்டிக்குப் போய்விடக்கூடும். டொமைன் பெயர் சுருக்கமாகவும், தொலைபேசியில் சொன்னால் எதிர்முனையில் இருப்பவர் பிழையின்றி எழுதிக்கொள்ளக்கூடியதாகவும் இருக்கட்டும். ழகரமும் ளகரமும் ஆங்கில எழுத்தில் பலவாறாக எழுதப்படுவதால் அவை வரும் பெயர்களைத் தவிர்ப்பது நல்லது. "கீழக்கரை" என்ற ஊர்ப் பெயரையே எத்தனை விதமாக எழுதுகிறார்கள் என்று கடைத்தெருப் பெயர்ப்பலகைகளைப் பார்த்தாலே இது விளங்கும்.

இரண்டாம் படி: பட்டியல் சேர்ப்பது

இந்த வேலை முழுவதும் இதன் மீதுதான் நிற்கிறது. எனவே இதில் அவசரப்படாதீர்கள். பட்டியலில் சேர்வதற்குத் தகுதி ஒன்றே ஒன்றுதான்: உங்களிடமிருந்து மின்னஞ்சல் வருவதற்கு அவர் சம்மதித்திருக்க வேண்டும். ஆயிரக்கணக்கான முகவரிகளைக் குறைந்த விலைக்குத் தருகிறேன் என்று யாராவது வந்தால் வாங்காதீர்கள். அந்த முகவரிகளுக்கு உரியவர்களுக்கு உங்களைத் தெரியாது. அவர்களுள் பலர் உங்கள் கடிதத்தை ஸ்பேம் என்று குறிப்பார்கள். அதன் பிறகு உண்மையான வாடிக்கையாளருக்கு நீங்கள் எழுதுவதும் ஸ்பேம் பெட்டிக்கே போகும். சட்டமும் இதில் கவனிக்கத்தக்கது. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவரின் விவரத்தை எந்த நோக்கத்துக்காகப் பெறுகிறோம் என்பதைத் தெளிவாகச் சொல்லிச் சம்மதம் பெற வேண்டும் என்றும், சம்மதம் தருவது எவ்வளவு எளிதோ அதைத் திரும்பப் பெறுவதும் அவ்வளவு எளிதாக இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. ரசீதுக்காக வாங்கிய முகவரியை விளம்பரத்துக்குப் பயன்படுத்துவது அந்தச் சம்மதத்தில் அடங்காது. தனியாகக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கேட்கும் இடம் கல்லாப்பெட்டி. பணம் வாங்கும்போது, "புதுக் கருப்பட்டி வந்ததும் உங்களுக்கு மெயிலில் சொல்லட்டுமா?" என்று ஒரு கேள்வி கேட்டால் போதும். எதைப் பற்றி எழுதுவோம் என்பது அந்தக் கேள்வியிலேயே இருப்பதைக் கவனியுங்கள். "எங்கள் மெயில் லிஸ்டில் சேருங்கள்" என்று கேட்பதைவிட இதற்கு ஆம் என்பவர் அதிகம். ஆம் என்றவரும் எதற்குச் சம்மதித்தோம் என்பதை நினைவில் வைத்திருப்பார்.

முகவரியை நோட்டில் எழுதி வாங்குவது பழைய வழக்கம். அதில் வரும் சிக்கல் என்னவென்றால், கையெழுத்தில் பூஜ்யமும் ஆங்கில ஓ எழுத்தும் ஒன்றுபோலவே தெரியும். ஒன்று என்ற எண்ணும் எல் எழுத்தும் அப்படியே. இரு சொற்களுக்கு நடுவே உள்ள அடிக்கோடு, நோட்டின் கோட்டோடு கலந்து காணாமல் போகும். இரவில் கடை சாத்திய பிறகு கணினியில் ஏற்றும்போது பாதி முகவரிகள் ஊகமாகவே இருக்கும். இதைத் தவிர்க்க, கல்லாப்பெட்டி அருகே ஒரு கியூஆர் குறியீட்டை ஒட்டி வைத்து, வாடிக்கையாளர் தம் கைப்பேசியிலேயே பெயரையும் முகவரியையும் தட்டச்சுச் செய்யும்படி ஒரு சிறு படிவம் வைத்துவிடுங்கள். படிவம் தமிழில் இருக்கட்டும். பெயர், மின்னஞ்சல், வசிக்கும் ஊர், எதைப் பற்றித் தெரிந்துகொள்ள விரும்புகிறார் ஆகிய நான்கு கேள்விகளுக்கு மேல் வேண்டாம். பிறந்த நாள், தொழில் முதலியவற்றைக் கேட்டால் நம்பிக்கை குறையும். அவற்றால் உங்களுக்கு ஆகப்போவதும் ஒன்றுமில்லை.

படிவத்தை நிரப்பியவருக்கு உடனே ஒரு உறுதிப்படுத்தும் மின்னஞ்சல் போக வேண்டும். அதிலுள்ள இணைப்பை அவர் அழுத்திய பிறகே பட்டியலில் சேர்க்க வேண்டும். இதனால் சிலர் விடுபட்டுப் போவார்கள் என்பது உண்மை. ஆனாலும் பிழையான முகவரிகளும், பிறர் முகவரியை விளையாட்டாகத் தந்தவைகளும் இந்தக் கட்டத்திலேயே வடிந்துவிடும். சிறிய பட்டியல் சுத்தமாக இருப்பதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. அதற்கான கணக்கு அடுத்த படியில் வருகிறது.

மூன்றாம் படி: அனுப்பும் சேவையும் அடையாளச் சான்றும்

எல்லா முகவரிகளையும் பெறுநர் இடத்தில் வரிசையாகப் போட்டு அனுப்புவது ஒருபோதும் கூடாது. ஒவ்வொருவரின் முகவரியும் மற்ற அனைவருக்கும் தெரிந்துவிடும். இதற்கென்றே உள்ள சேவைகளுள் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். மெயில்சிம்ப், பிரெவோ, மெயிலர்லைட், ஜோஹோ கேம்பெய்ன்ஸ் ஆகியவை பரவலாகப் புழங்குபவை. சிறு பட்டியலுக்கு இலவசத் திட்டம் உண்டா, அதில் மாதத்துக்கு எத்தனை மின்னஞ்சல் அனுப்பலாம் என்பன அடிக்கடி மாறுவதால், சேரும் நாளில் அவர்கள் பக்கத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள். பட்டியலை எப்போது வேண்டுமானாலும் கோப்பாக இறக்கிக்கொள்ள முடிகிறதா என்பதை மட்டும் முதலிலேயே உறுதிசெய்யுங்கள்.

அடுத்து, அனுப்புவது நீங்கள்தான் என்பதை ஜிமெயில், யாஹூ போன்றவை நம்பும்படி மூன்று பதிவுகளை டொமைனில் சேர்க்க வேண்டும். எஸ்பிஎஃப் என்பது உங்கள் டொமைன் பெயரில் அனுப்ப உரிமை பெற்ற சேவைகளின் பட்டியல். டிகேஐஎம் என்பது ஒவ்வொரு மின்னஞ்சலிலும் இடப்படும் மின்முத்திரை. வழியில் யாரும் மாற்றவில்லை என்பதற்கு அதுவே சாட்சி. டிமார்க் என்பது இவ்விரண்டு சோதனைகளிலும் தேறாத கடிதத்தை என்ன செய்ய வேண்டும் என்று நீங்கள் தரும் அறிவுறுத்தல். இவற்றுக்கான வரிகளை நீங்கள் சேர்ந்த சேவையே எழுதித் தரும். டொமைன் வாங்கிய இடத்தில் டிஎன்எஸ் (டொமைனின் பதிவுகள் இருக்கும் இடம்) பகுதிக்குப் போய் அவற்றை ஒட்டினால் முடிந்தது. கைவராவிட்டால் கணினி தெரிந்த ஒருவரை அமர்த்தி ஒரு பிற்பகலில் முடித்துவிடலாம்.

2024 பிப்ரவரி முதல் ஜிமெயிலும் யாஹூவும் இவ்விதிகளைக் கடுமையாக்கியிருக்கின்றன. நாளொன்றுக்கு 5,000-க்கு மேல் அனுப்புவோருக்கு மூன்று பதிவுகளும், ஒரே அழுத்தத்தில் விலகும் வசதியும் கட்டாயம். நம்மைப் போன்ற சிறியவர்கள் அந்த எண்ணிக்கையை எட்டப்போவதில்லை. எனினும் எஸ்பிஎஃப், டிகேஐஎம் இரண்டில் ஒன்றாவது எல்லாருக்கும் வேண்டும். ஸ்பேம் புகார் 0.3 விழுக்காட்டைத் தொடக்கூடாது, 0.1 விழுக்காட்டுக்குக் கீழே இருப்பதே நல்லது என்றும் கூகுள் சொல்கிறது. இப்போது கணக்கைப் பாருங்கள்: 300 பேர் கொண்ட பட்டியலில் ஒரே ஒருவர் ஸ்பேம் என்று அழுத்தினாலே 0.33 விழுக்காடு ஆகிவிடுகிறது. விலைக்கு வாங்கிய பட்டியல் ஏன் ஆகாது என்பதும், சம்மதித்தவரை மட்டும் சேர்க்க வேண்டியது ஏன் என்பதும் இந்த எண்ணிலேயே அடங்கியிருக்கின்றன. விலகும் இணைப்பை ஒளித்து வைக்காதீர்கள். விலக வழி தெரியாதவர்தான் ஸ்பேம் பொத்தானை அழுத்துகிறார். "இனி வேண்டாம் என்றால் இங்கே அழுத்துங்கள்" என்று தமிழிலேயே தெளிவாகப் போடுங்கள். விலகியவரை மறுபடி சேர்க்காதீர்கள்.

நான்காம் படி: யாருக்கு எது

பட்டியல் நூறு பேரைத் தாண்டியதும் பிரித்துவிடுங்கள். எந்தப் பொருளில் விருப்பம், எந்த நாட்டில் வசிக்கிறார் என்ற இரண்டு பிரிவுகள் தொடக்கத்துக்குப் போதும். சைவ உணவுக்காரரான யாத்ரீகருக்கு நெத்திலிக் கருவாட்டின் படத்தை அனுப்பினால் அவர் அன்றே விலகிவிடுவார். அவருக்குக் கருப்பட்டியும் மிளகாயும் மட்டும் போகட்டும். வெளிநாட்டில் இருப்பவருக்கு, அந்த நாட்டுக்குள் கொண்டுவர அனுமதி உள்ளதா என்று நீங்கள் உறுதிசெய்துகொண்ட பொருளை மட்டும் எழுதுங்கள். பெயரை வைத்து மதத்தை ஊகித்து வாழ்த்து அனுப்புவதும், அதன்படி பட்டியலைப் பிரிப்பதும் வேண்டாம். ரம்ஜானுக்கோ பொங்கலுக்கோ கிறிஸ்துமஸுக்கோ கடையில் சிறப்புச் சரக்கு இருந்தால் அதை எல்லாருக்கும் சொல்லலாம். நம் கடற்கரையில் ஒரு வீட்டுப் பண்டிகைக்கு அடுத்த வீட்டுக்காரரும் பொருள் வாங்குவது புதிதன்று.

ஐந்தாம் படி: எப்போது எழுதுவது

"வாரம் ஒன்று அனுப்ப வேண்டும்" என்பது போன்ற பொது விதிகள் நகரத்து ஆடைக்கடைக்குப் பொருந்தலாம். நம் பொருள்கள் பருவத்தோடு வருபவை. எழுதுவதும் பருவத்தோடு எழுத வேண்டும். சொல்லச் செய்தி இருக்கும்போது மட்டும் எழுதினால் வாடிக்கையாளர் சலிப்படைவதில்லை. ஆண்டின் தொடக்கத்திலேயே ஒரு தாளில் பன்னிரண்டு தமிழ் மாதங்களையும் எழுதி, எந்த மாதத்தில் என்ன வரும், என்ன தீரும் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

முண்டு மிளகாய் விற்பவருக்கு ஆண்டின் முதன்மையான கடிதம் பழம் பறிக்கும் காலத்தில் போக வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பி வளரும் செடியில் தை, மாசியில் பறிப்புத் தொடங்கி வெயில் ஏறும் மாதங்கள் வரை நீளும். களத்தில் காய்ந்த புது வற்றல் அப்போதுதான் எட்டிவயல், பரமக்குடிச் சந்தைகளுக்கு வருகிறது. ஓராண்டுக்கு வேண்டிய மிளகாயை அந்தப் பருவத்திலேயே வாங்கி வைக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன; அவர்களுக்கு அப்போது எழுதாமல் ஆவணியில் எழுதிப் பயனில்லை. இராமநாதபுரம் முண்டு மிளகாய் 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது என்பதை ஒரு வரியில் சொல்லலாம். அதைவிட, உருண்டையான இந்த மிளகாயைத் தாளிப்பில் முழுதாகப் போடுவதா, பொடியாக அரைப்பதா, மற்ற வற்றலோடு சேர்ப்பதானால் என்ன அளவு என்று எழுதுவது வாங்குபவருக்குப் பயன்படும்.

கருவாட்டுக்கு வேறு கணக்கு. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. நாட்டுப்படகுகள் போகும் என்றாலும் வரத்துக் குறைவு. மீன் விலை ஏறும்போது கருவாட்டைத் தேடுவோரும் கூடுவார்கள். எனவே பங்குனிக் கடைசியில், தடைக்கு முன்பே, கையில் உள்ள நெத்திலி, வாளை, சீலா, திருக்கைக் கருவாட்டின் இருப்பைச் சொல்லி ஒரு கடிதம் அனுப்புங்கள். தடை முடிந்து படகுகள் கிளம்பியதும் இன்னொன்று. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கருவாடு சரியாகக் காயாது. அப்போது புதுச் சரக்கு இல்லை என்று ஒளிக்காமல் எழுதிவிடுவது நல்லது. ஈரப்பதமுள்ள கருவாட்டை அனுப்பி வாடிக்கையாளரை இழப்பதைக் காட்டிலும், "வெயில் வரட்டும், தை மாதம் அனுப்புகிறோம்" என்று சொல்லிக் காத்திருக்கச் செய்வது எவ்வளவோ மேல்.

விடுதி நடத்துவோர் அமாவாசைகளைக் கணக்கிட வேண்டும். ஆடி, புரட்டாசி, தை ஆகிய மூன்று அமாவாசைகளுக்கும் இராமேஸ்வரத்தில் கூட்டம் நிரம்பி வழியும். 2024 நவம்பர் முதல் ரயில் முன்பதிவு 60 நாள்களுக்கு முன்புதான் தொடங்குகிறது. பயணச்சீட்டுக் கிடைத்த பிறகு அறை தேடுபவர் கையில் பட்டதை எடுப்பார், ஆகவே அமாவாசைக்குச் சுமார் 65, 70 நாள்களுக்கு முன்பே, "இன்ன தேதியில் ரயில் முன்பதிவு தொடங்குகிறது, அறையும் இப்போதே ஒதுக்கிக்கொள்ளலாம்" என்று பழைய விருந்தினர்களுக்கு எழுதுங்கள். 2022 டிசம்பரில் நின்றுபோன ரயில், புதிய பாம்பன் பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்ட பிறகு மறுபடியும் தீவுக்குள் வருகிறது. இடைப்பட்ட காலத்தில் மண்டபத்தில் இறங்கிப் பேருந்து பிடித்து வந்தவர்களுள் சிலருக்கு இது இன்னும் தெரியாமலிருக்கலாம். அதைத் தெரிவிப்பதே ஒரு நல்ல கடிதம். கூட்டமில்லாத மாதங்களில் என்ன எழுதுவது என்று தயங்குவோர், குளிர்காலத்தில் தனுஷ்கோடிப் பக்கம் வந்திறங்கும் பூநாரைகளைப் பற்றி எழுதலாம். 2025-இல் அப்பகுதி பூநாரைச் சரணாலயமாகவே அறிவிக்கப்பட்டிருக்கிறது.

ஆறாம் படி: எழுதுவது

கடிதம் வாடிக்கையாளர் ஒருவருக்கு எழுதுவது போல இருக்க வேண்டும். மாநாட்டு நோட்டீஸ் போல இருக்கக் கூடாது. சாயல்குடிப் பக்கம் கருப்பட்டி விற்கும் ஒரு கடைக்காக எழுதிய மாதிரி ஒன்றைக் கீழே தருகிறேன்.

தலைப்பு வரி: புதுக் கருப்பட்டி வந்துவிட்டது, சாயல்குடியிலிருந்து

"(பெயர்) அவர்களுக்கு வணக்கம்.

சென்ற வைகாசியில் நீங்கள் வாங்கிய கருப்பட்டி இந்நேரம் தீர்ந்திருக்கும் என்று நினைக்கிறோம். இந்த ஆண்டு பங்குனியில் பதநீர் இறங்கத் தொடங்கியது. முதல் காய்ச்சல் கருப்பட்டி நேற்றுக் கடைக்கு வந்திருக்கிறது. இடையில் மழை இல்லாததால் கட்டி நன்றாக இறுகியிருக்கிறது. நிறம் சென்ற ஆண்டைவிடச் சற்றுக் கருமை. ஒரு கிலோ, இரண்டு கிலோ அளவில் ஓலைப்பெட்டியில் கட்டி வைத்திருக்கிறோம். விலையும் பார்சல் செலவும் கீழேயுள்ள இணைப்பில் உள்ளன.

வேண்டிய அளவை இந்த மெயிலுக்குப் பதிலாக எழுதினாலே போதும். பணம் செலுத்தும் விவரத்தை அன்று மாலைக்குள் அனுப்பிவைக்கிறோம். புதன்கிழமை மாலைக்குள் சொல்லிவிட்டால் வியாழன் காலைப் பார்சலில் கிளம்பிவிடும்."

இதில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. தலைப்பு வரியில் "அதிரடிச் சலுகை", "முந்துங்கள்" போன்ற சொற்கள் இல்லை. எது வந்திருக்கிறது, எங்கிருந்து என்ற இரண்டு செய்திகள் மட்டுமே இருக்கின்றன. தமிழ் எழுத்துகள் கைப்பேசித் திரையில் அதிக இடம் பிடிப்பதால் முதல் மூன்று நான்கு சொற்களே தெரியும். செய்தி அந்தச் சொற்களுக்குள் அமைந்துவிட வேண்டும். அதனால்தான் ஊர்ப் பெயர் பின்னால் போயிருக்கிறது. ஐயா என்பதா அம்மா என்பதா என்று தெரியாத இடத்தில் "அவர்களுக்கு" என்று எழுதினால் எவருக்கும் பொருந்தும். நிறம் சற்றுக் கருமை என்பதை விற்பவரே முன்கூட்டிச் சொல்லிவிட்டதால், பெட்டியைத் திறந்து பார்ப்பவருக்கு ஐயம் எழாது. கருப்பட்டியில் சர்க்கரை கலப்பது பற்றிய அச்சம் வாங்குவோரிடம் பரவலாக இருக்கிறது. எப்போது காய்ச்சியது, யாரிடம் வாங்கியது என்ற விவரங்கள் அந்த அச்சத்துக்குத் தரும் பதில், "100% சுத்தமானது" என்ற முழக்கம் தருவதைக் காட்டிலும் வலுவானது. கடைசியாக, கடிதம் கேட்பது ஒரே ஒரு செயலைத்தான்: பதில் எழுதுங்கள். நான்கு பொருள்கள், மூன்று சலுகைகள், இரண்டு இணைப்புகள் என்று அடுக்கினால் படிப்பவர் பிறகு பார்க்கலாம் என்று மூடிவிடுவார்.

உணவுப் பொருள் விற்பவர்கள் கடிதத்தின் அடியில் கடையின் முகவரியையும், எஃப்எஸ்எஸ்ஏஐ எனப்படும் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் தரும் 14 இலக்கப் பதிவு எண்ணையும் தவறாமல் போட வேண்டும். தொலைவிலிருந்து பணம் அனுப்புபவருக்கு அதுவும் ஒரு பிடிமானம்.

பட்டியலில் புதிதாகச் சேருபவருக்குத் தானாகவே போகும்படி ஒரு வரவேற்புக் கடிதத்தையும் எழுதி வைத்துவிடுங்கள். கடை எங்கே இருக்கிறது, எந்தெந்த மாதங்களில் எழுதுவோம், எப்படி ஆர்டர் செய்வது என்ற மூன்று விவரங்களும் அதில் இருந்தால் போதும். சேர்ந்து பல மாதம் கழித்து முதற்கடிதம் வந்தால் யார் இவர் என்றே அவருக்குத் தோன்றும்.

ஏழாம் படி: தமிழ் எழுத்தும் படமும்

கடிதத்தை யூனிகோடில் (எல்லாக் கருவிகளிலும் தமிழ் சரியாகத் தெரியும் பொது எழுத்துமுறையில்) மட்டுமே தட்டச்சுச் செய்யுங்கள். அச்சகத்தில் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்து வைத்த நோட்டீஸை அப்படியே ஒட்டினால், பெறுபவர் திரையில் அது பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகவே தெரியும். அதற்குப் பயந்து முழு நோட்டீஸையும் ஒரே படமாக்கி அனுப்புவோர் பலர். அதுவும் சரியன்று. படங்கள் தாமாகத் திறக்காதபடி பலர் அமைத்து வைத்திருப்பார்கள்; அவர்களுக்கு வெற்றுக் கட்டம்தான் தெரியும். செய்தி எழுத்தில் இருக்கட்டும். அதோடு ஒன்றிரண்டு படம் சேருங்கள். ஒவ்வொரு படத்துக்கும் அது தெரியாவிட்டால் காட்டப்படும் மாற்று வரியைத் தமிழில் கொடுங்கள்.

அளவையும் பார்க்க வேண்டும். மின்னஞ்சலின் எழுத்துப் பகுதி 102 கேபியை (கிலோபைட்; ஒரு கிலோபைட் சுமார் ஆயிரம் பைட்) தாண்டினால் ஜிமெயில் எஞ்சியதை வெட்டி மறைத்துவிடுகிறது. அடியில் உள்ள விலகும் இணைப்பும் அப்போது மறைந்துவிடும். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட் போதும். தமிழில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட் ஆகிறது, "கொ" போன்ற எழுத்தில் இரண்டு குறியீடுகள் இருக்கின்றன. ஆகவே தமிழ்க் கடிதம் எதிர்பார்த்ததைவிட விரைவில் பெருத்துவிடும். அலங்காரச் சட்டங்கள் நிறைந்த வார்ப்புருவைத் தவிர்த்து எளியதைத் தேர்ந்தெடுத்தால் இந்தத் தொல்லை வராது.

படம் என்றால் கைப்பேசியில் எடுத்ததே நன்று. களத்தில் சிவக்கக் காயும் மிளகாய், ஓலைப்பெட்டியில் அடுக்கிய கருப்பட்டி, காலை வெயிலில் எடுத்த அறையின் சாளரம் என நம் இடத்தில் உள்ளதையே எடுங்கள். இணையத்தில் கிடைக்கும் பொதுப்படங்கள் வேண்டாம். அனுப்புமுன் படத்தின் அளவைக் குறைத்துவிடுங்கள். எழுதி முடித்ததும் உங்களுக்கே ஒன்று அனுப்பி, ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் திறந்து பாருங்கள்; எல்லா இணைப்புகளையும் அழுத்திப் பாருங்கள்.

எட்டாம் படி: அனுப்பும் நேரம்

உள்நாட்டுக்காரருக்குக் காலை வேலை தொடங்குமுன்போ இரவு உணவுக்குப் பிறகோ அனுப்பிப் பார்த்து, எதற்குப் பதில் அதிகம் வருகிறது என்று பாருங்கள். வெளிநாட்டுக்காரருக்கு மணிக்கணக்கு மாறும். சிங்கப்பூரும் மலேசியாவும் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால். துபாய் ஒன்றரை மணி நேரமும், சவூதி, கத்தார், குவைத் ஆகியவை இரண்டரை மணி நேரமும் பின்னால். சவூதியில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். ஐக்கிய அரபு அமீரகத்தில் 2022 முதல் சனியும் ஞாயிறும், வெள்ளி அரைநாள். நாட்டுவாரியாகப் பிரித்து வைத்திருந்தால் நேரம் குறித்து அனுப்புவது சேவையிலேயே முடியும்.

ஒன்பதாம் படி: பலனை அளப்பது

எத்தனை பேர் திறந்தார்கள் என்று சேவை ஒரு விழுக்காட்டைக் காட்டும். கடிதத்திலுள்ள படம் தரவிறக்கப்படுவதை வைத்தே அது கணக்கிடப்படுகிறது. அதை நம்பி முடிவெடுக்காதீர்கள். 2021 செப்டம்பரிலிருந்து ஆப்பிள் மெயில் செயலி, தனியுரிமைப் பாதுகாப்பு வைத்திருப்பவர்களின் கடிதப் படங்களை அவர் திறக்கும் முன்பே தானே தரவிறக்கிவிடுகிறது. திறக்காததும் திறந்ததாகக் கணக்கில் ஏறுகிறது. இணைப்பை அழுத்தியவர், பதில் எழுதியவர், ஆர்டர் கொடுத்தவர், விலகியவர் ஆகிய நான்கு எண்களையும் ஒவ்வொரு கடிதத்துக்கும் ஒரு நோட்டில் எழுதிவாருங்கள். தொலைபேசியில் ஆர்டர் வந்தால், "மெயில் பார்த்தீர்களா?" என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள், இல்லையேல் மின்னஞ்சலால் வந்த விற்பனையில் ஒரு பகுதி கணக்கில் வராமலே போகும். ஸ்பேம் புகார் விழுக்காடு போன்றவற்றைக் காட்டும் கூகுளின் போஸ்ட்மாஸ்டர் டூல்ஸ் இலவசமானதுதான். ஆனால் அனுப்பும் எண்ணிக்கை சிறியதாக இருக்கும்வரை அதில் விவரம் எதுவும் தெரியாது என்பதால் தொடக்கத்தில் அதைத் தேடிப் போக வேண்டியதில்லை.

இரண்டு விதத் தலைப்பு வரிகளைப் பாதிப் பாதிப் பேருக்கு அனுப்பி ஒப்பிடும் வசதி எல்லாச் சேவைகளிலும் விளம்பரப்படுத்தப்படுகிறது. ஐம்பது பேருக்கு ஒன்று, ஐம்பது பேருக்கு மற்றொன்று என்று அனுப்பி, ஏழு பதிலுக்கும் ஒன்பது பதிலுக்கும் உள்ள வேறுபாட்டைப் பெரிதாக எடுத்துக்கொள்வது வீண். அந்த நேரத்தில் பதில் எழுதாத பழைய வாடிக்கையாளர் ஐந்து பேருக்குத் தொலைபேசி செய்து, எங்கள் மெயில் பயன்படுகிறதா என்று கேட்டால் கூடுதலாகத் தெரிந்துகொள்ளலாம்.

பத்தாம் படி: களை எடுப்பது

ஒவ்வொரு முறை அனுப்பிய பிறகும் திரும்பி வந்த முகவரிகளைப் பாருங்கள். அப்படியொரு முகவரியே இல்லை என்று திரும்பியதை உடனே நீக்க வேண்டும். பெட்டி நிரம்பியதால் திரும்பியதை அடுத்த இரண்டு மூன்று முறை பார்த்துவிட்டு நீக்கலாம். ஓராண்டாக எதையும் அழுத்தாமலும் எழுதாமலும் வாங்காமலும் இருப்பவர்களுக்கு, பருவம் தொடங்குமுன் ஒரு தனிக் கடிதம் எழுதுங்கள்: "இன்னும் எங்கள் கடிதம் உங்களுக்கு வேண்டுமா? ஆம் என்றால் கீழே அழுத்துங்கள். இல்லையென்றால் ஒன்றும் செய்ய வேண்டாம், நாங்களே நீக்கிவிடுகிறோம்." இரண்டு வாரத்தில் அழுத்தாதவர்களை நீக்கிவிட்டு, மிஞ்சிய பட்டியலைக் கோப்பாக இறக்கி, கடைக் கணக்குகளோடு ஒரு பென்டிரைவில் பத்திரப்படுத்திவிட்டு அடுத்த பருவத்தின் முதற்கடிதத்தை எழுதத் தொடங்கலாம்.